தாப்பாவின் வெக்கையில் சுவையான தக்காளி: வீட்டுக்கு எந்த வகை?

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள தாப்பா போன்ற தோட்டப்புற நகரத்தில் வீட்டுக்குப் பின்னால் தக்காளி போடலாமா என்று பேச்செடுத்தால், ‘அது மலைப்பயிர், கீழே வராது’ என்ற பதில்தான் பெரும்பாலும் முதலில் வரும். கத்தரி, வெண்டை, பாகல், முருங்கை என்று எதைப் போட்டாலும் காய்க்கிற மண்ணில், தக்காளி மட்டும் இடுப்பளவு வளர்ந்து கொத்துக் கொத்தாகப் பூத்தும் ஒரு காய்கூடப் பிடிக்காமல் நிற்பதையும், காய் பிடித்த வாரத்திலேயே செடி துவண்டு சாய்வதையும் பார்த்துப் பழகியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதி, எந்த வகையைப் போட்டார்கள் என்பதைப் பொறுத்தது.

உலகின் மிகச் சுவையான தக்காளிகள் என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படும் பெயர்கள் சில உண்டு. அமெரிக்காவின் பிராண்டிவைன், டென்னஸி மாநிலத்திலிருந்து 1990இல் வெளியுலகத்துக்குத் தெரியவந்த செரோக்கி பர்ப்பிள், கிரிமியாவின் பிளாக் கிரிம், இத்தாலியின் சான் மர்சானோ ஆகியவை அவற்றில் முன்னணியில் நிற்பவை. அந்தப் புகழில் பொய் இல்லை. ஆனால் அது இரவில் நன்றாகக் குளிரும் கோடைகாலத்தில், வேறு மண்ணில் கிடைத்த புகழ். அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு தாப்பாவிலோ பீடோரிலோ சுங்கை சிப்புட்டிலோ விதைப்பவருக்குப் பெரும்பாலும் இலையும் தண்டும்தான் மிஞ்சும். நம் ஊரில் சுவையான தக்காளியைத் தேடுகிறவர் நாக்கிலிருந்து தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இந்த மண்ணில் பிழைக்கும் வகைகள் எவை, அவற்றில் இந்த இரவு வெப்பத்தில் காய் பிடிப்பவை எவை என்று முதலில் சலித்தெடுத்துவிட்டு, எஞ்சியவற்றுக்குள்தான் சுவையைத் தேட வேண்டும். அப்படிச் சலித்த பிறகும் நல்ல சுவைக்கு இடம் இருக்கிறது.

சுவை எதில் இருக்கிறது

தக்காளியின் சுவை என்று நாம் சொல்வதில் மூன்று பங்குகள் இருக்கின்றன. குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இனிப்பைத் தருகின்றன. சிட்ரிக் அமிலமும் மாலிக் அமிலமும் புளிப்பைத் தருகின்றன. காற்றில் ஆவியாகும் வாசனைப் பொருள்கள் மூக்கின் வழியாக மற்றதைத் தருகின்றன. சர்க்கரை குறைந்து அமிலம் மிகுந்தால் வெறும் புளிப்பு; அமிலம் குறைந்து சர்க்கரை மட்டும் இருந்தால் சப்பென்ற இனிப்பு; இரண்டுமே குறைந்தால், சந்தையில் பெரும்பாலும் கிடைக்கிற, தண்ணீர் மாதிரியான தக்காளி. பழச்சாற்றில் கரைந்துள்ள சர்க்கரை முதலியவற்றை அளக்கும் பிரிக்ஸ் அளவில், கடைத் தக்காளி பொதுவாக 4, 5 என்ற அளவில் நிற்கும். நல்ல செர்ரி தக்காளி 7க்கு மேல் போகும்.

வாசனைதான் இவற்றில் பலரும் கவனிக்காத பங்கு. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஹாரி கிளீயும் அவருடன் பணியாற்றியவர்களும் புதிய வகைகள், பழைய நாட்டு வகைகள், காட்டு இனங்கள் என 398 தக்காளிகளின் மரபணுத் தொகுதிகளை ஆராய்ந்து 2017இல் ‘சயன்ஸ்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். சுவைக்கு முக்கியமான 13 வாசனைப் பொருள்கள் புதிய வணிக வகைகளில் கணிசமாகக் குறைந்திருப்பதை அந்த ஆய்வு காட்டியது. விளைச்சலையும் பழத்தின் அளவையும் உறுதியையும் நோய் எதிர்ப்பையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் வாசனையை அளக்கவே இல்லை. அளக்காதது தலைமுறைக்குத் தலைமுறை தேய்ந்துபோயிற்று. பழம் பெரிதாக ஆக, அதிலுள்ள சர்க்கரையின் அடர்த்தி குறைகிறது என்பதும் அதே ஆய்வில் தெளிவாயிற்று. வீட்டில் போட வகை தேடும்போது இந்த ஒரு செய்தியே பெரிய உதவி: சிறிய பழத்தில் இனிப்பு அடர்த்தியாக இருப்பது தற்செயல் அன்று.

பச்சைத் தோள் என்று சொல்லப்படும் அடையாளமும் கவனிக்கத் தக்கது. காயாக இருக்கும்போது காம்பைச் சுற்றிக் கரும்பச்சையாக இருக்கும் வகைகளும் உண்டு. முழுக்க ஒரே வெளிர்பச்சையாக இருக்கும் வகைகளும் உண்டு. ஒரே சீராகச் சிவக்கும் பழமே சந்தைக்கு அழகு என்பதால், இருபதாம் நூற்றாண்டில் உருவான வணிக வகைகளில் பெரும்பாலானவை வெளிர்பச்சைக் காயைத் தரும் மரபணு மாற்றத்தைச் சுமந்தவை. கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஆன் பவலும் பிறரும் 2012இல் அந்த மாற்றம் எந்த மரபணுவில் நிகழ்ந்தது என்பதைக் கண்டுபிடித்தார்கள். அந்த மரபணு முழுமையாக இயங்கும் காயில் பச்சையம் கூடுதலாக இருப்பதால், பழத்தில் சர்க்கரையும் கூடுகிறது. தமிழ்நாட்டில் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 என்ற வகையின் காய்க்கு இந்தப் பச்சைத் தோள் உண்டு. தமிழ்நாட்டுக்குப் போய்வந்தவர்கள் ‘அங்கே தக்காளி வேறு மாதிரி’ என்று சொல்வதற்கு ஊர்ப்பாசம் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை.

இன்னொன்று, விதையைச் சூழ்ந்திருக்கும் கூழ். இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் 2007இல் வெளியான ஆய்வு, கறிச்சாற்றின் சுவையைத் தரும் குளுட்டமிக் அமிலம் சதையைவிட அந்தக் கூழில் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. ரசத்துக்கு விதையோடு பிசைந்து போடும் நம் பழக்கம் சரியானது. விதையை வழித்தெறிந்துவிட்டுச் சதையை மட்டும் போட்டால் ரசம் இளைத்துப்போகும். ஆகவே ரசத்துக்குத் தக்காளி வேண்டுபவர் கூழ் நிறைந்த வகையைத் தேட வேண்டும். தொக்குக்கும் சாடின் சம்பலுக்கும் வேண்டுபவருக்குத்தான் சதைப்பற்றுள்ள வகை பொருந்தும்.

கேமரன் மலை நமக்கு இத்தனை அருகில் இருந்தும் சந்தைத் தக்காளி ஏன் சுவையாக இல்லை என்ற கேள்வி இங்கே எழும். தாப்பாவிலிருந்து 59ஆம் எண் கூட்டரசுச் சாலையில் ஏறினால் ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் கேமரன் மலையின் தானா ராத்தா நகரம். கம்போங் ராஜா பக்கம் மழைக்கூடாரத்துக்குள் விளையும் தக்காளி, நம் ஊர்ச் சந்தையை மட்டும் நம்பி விளைவிக்கப்படுவதில்லை. கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் நசுங்காமல் போய்ச் சேர வேண்டும். அதற்குத் தோல் தடித்த வகை வேண்டும். நிறம் மாறத் தொடங்கும்போதே பறித்தாகவும் வேண்டும். இது விவசாயியின் குற்றம் அன்று. லாரிப் பயணம் அப்படிக் கேட்கிறது. வீட்டில் வளர்ப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதே அவருடைய பெரிய ஆதாயம். அதனால் உறுதியான தோல், நீண்ட நாள் தாங்கும் தன்மை என்று விதைப் பொட்டலத்தின் பின்புறம் பெருமையாக எழுதியிருந்தால், அது சுவைக்கான சிபாரிசு ஆகாது.

இரவு வெப்பம் செய்யும் தடை

தக்காளிக்குப் பகலில் 21 முதல் 29 டிகிரி செல்சியஸ் வரையும், இரவில் 15 முதல் 20 டிகிரி வரையும் உகந்தவை. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும் என்ற கணக்கில், அங்கே தாப்பாவைவிட 9 டிகிரி அளவு குளிர்ச்சி. தாப்பாவில் பகல் 32, 33 டிகிரியைத் தொடுவது சாதாரணம். இரவு 23, 24க்குக் கீழே இறங்குவது அரிது. நாம் வெயிலைத்தான் குறை சொல்கிறோம். தக்காளிக்கு அதைவிடப் பெரிய இடைஞ்சல் இறங்காத இந்த இரவு.

வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் சாத்தோ, பீட், தாமஸ் ஆகியோர் பகல் 28, இரவு 22 டிகிரியில் வளர்ந்த செடிகளையும், பகல் 32, இரவு 26 டிகிரியில் வளர்ந்த செடிகளையும் ஒப்பிட்டு 2000ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். வித்தியாசம் நான்கு டிகிரிதான். ஆனால் சூடான பக்கத்தில் மகரந்தம் குறைந்தது, வெளிப்படவும் தயங்கியது, காய் பிடிப்பது வெகுவாகச் சரிந்தது. அவர்களுடைய அடுத்த ஆய்வு, பூ மலர்வதற்கு 8 முதல் 13 நாள் முன்பு, மொட்டுக்குள் மகரந்தம் உருவாகும் கட்டத்திலேயே கேடு நடந்துவிடுகிறது என்று காட்டியது. இன்று மலர்ந்த பூவுக்கு இன்று நிழல் கட்டிப் பயனில்லை.

செடியின் அருகே உட்கார்ந்து பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். பூக்காம்பின் நடுவில் ஒரு சிறு கணு இருக்கும். காய் பிடிக்காத பூவில் முதலில் அந்தக் கணு மஞ்சளாகும்; பூ வாடாத நிலையிலேயே, விரல் பட்டதும் அந்த இடத்தில் ஒடிந்து விழும். அங்கே பூச்சியும் இருக்காது, அழுகலும் இருக்காது. இப்படிப் பூ கொட்டும்போது பாஜாவை, அதாவது உரத்தை, அள்ளிப் போடுகிறவர்கள் நிறையப் பேர். யூரியாவைக் கூட்டினால் இலைதான் கூடும்.

நம் காற்றின் ஈரப்பதமும் இதில் சேர்ந்துகொள்கிறது. தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே கருவுறும். ஆனால் மகரந்தம் உதிர்வதற்கு அதிர்வு வேண்டும். ஈரக் காற்றில் மகரந்தம் ஒட்டிக்கொள்ளும். காலை எட்டு மணிக்கு மேல், பனி உலர்ந்த பிறகு, பூக்கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிடுவது பலன் தரும். மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் கருவண்டு பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்காரமிடுவது இதே வேலையைத்தான் செய்கிறது. பின்கட்டில் அதைக் கண்டால் விரட்ட வேண்டாம்.

வெப்பம் நிறத்தையும் தொடும். 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமியான லைக்கோபீன் உருவாவது தடைப்படும். மஞ்சள் நிறமியோ உருவாகிக்கொண்டே இருக்கும். நம் ஊரில் நேர் வெயிலில் பழுக்கும் தக்காளி ஆரஞ்சு நிறத்தோடு நின்றுவிடுவதற்கு இதுவே காரணம். பழத்தை மூடியிருக்கும் இலைகளைக் கழிக்காமல் விட்டால் நிறம் ஓரளவு மேம்படும். இயல்பிலேயே ஆரஞ்சு நிறமான வகைக்கு இந்தக் கவலை இல்லை.

மண்ணிலிருக்கும் எதிரி

வெப்பத்தைத் தாண்டினாலும், பாக்டீரியா வாடல் நோயைத் தாண்டாமல் தாப்பாவில் தக்காளி இல்லை. ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் என்ற பாக்டீரியா வெப்பமண்டலத்தின் ஈரமான, புளித்த மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். கத்தரி, மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு எல்லாமே அதற்கு இரை. காலையில் தெளிவாக நின்ற செடி நண்பகலில் தொங்கும். மாலையில் சற்று நிமிரும். சில நாளில் பச்சை இலையோடு அப்படியே சாய்ந்துவிடும். நோய் இதுதானா என்று அறிய எளிய வழி இருக்கிறது. அடித்தண்டை ஒரு சாண் நீளம் வெட்டி, தெளிந்த தண்ணீர் நிரம்பிய கண்ணாடிக் குவளையில், வெட்டுவாய் தண்ணீரைத் தொடும்படி அசையாமல் பிடிக்க வேண்டும். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் இழைபோல் வெண்ணிறக் கசிவு இறங்கினால், சந்தேகம் வேண்டாம். அந்தக் குழியில் மறுபடி தக்காளியும் கத்தரியும் மிளகாயும் போட வேண்டாம். பிடுங்கிய செடியை உரக்குழியிலும் போட வேண்டாம்.

பிராண்டிவைன், செரோக்கி பர்ப்பிள் போன்ற பழைய வகைகளுக்கு இந்த நோயைத் தாங்கும் திறன் கிடையாது. அவை நட்டதிலிருந்து முதல் பழத்துக்கு ஏறத்தாழ 80 நாள் எடுப்பவை என்பதால், நோய்க்குக் கிடைக்கும் கால அவகாசமும் அதிகம். அப்படியும் அவற்றைத்தான் வளர்க்க வேண்டும் என்ற ஆசை உள்ளவருக்கு ஒரே நம்பகமான வழி ஒட்டுக்கட்டு. 1971இல் தைவானில் தொடங்கப்பட்டு இன்று உலகக் காய்கறி மையம் என்று அழைக்கப்படும் நிறுவனம், தக்காளிக் கொழுந்தைக் கத்தரி வேரின் மேல் ஒட்டும் முறையைப் பல ஆண்டுகளாகப் பரிந்துரைத்துவருகிறது. வாடலையும் வெள்ளத்தையும் தாங்கும் ஈ.ஜி.203 என்ற கத்தரி இதற்கென்றே அறியப்பட்டது. தக்காளி வேரே வேண்டுமானால், வாடலை மிக நன்றாக எதிர்க்கும் ஹவாய் 7996 இருக்கிறது. தோட்டத்து ஓரங்களில் தானாக முளைத்துக் கிடக்கும் சுண்டைக்காய்ச் செடியும் வாடலைத் தாங்கும்தான். ஆனால் அதன் வேர் கத்தரிக்கு ஒத்துப்போகும் அளவு தக்காளிக்கு ஒத்துப்போவதில்லை.

ரப்பர்க் கன்றில் ஒட்டுக்கட்டிப் பழகிய கை தோட்டப்புறத்தில் இன்னும் இருக்கிறது. தக்காளி ஒட்டு அதைவிடச் சிறிய வேலை. கத்தரி மெதுவாக வளர்வதால் அதைச் சில நாள் முன்னதாக விதைக்க வேண்டும். இரண்டு நாற்றின் தண்டும் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் பருமனில் ஒத்திருக்கும்போது, புது பிளேடால் 45 டிகிரி சாய்வாக வெட்டி, சிறு ரப்பர்க் குழாய்த் துண்டுக்குள் இரு வெட்டுவாயும் இடைவெளியின்றிப் பொருந்தும்படி செருகி, ஈரமும் நிழலும் உள்ள பெட்டிக்குள் ஒரு வாரம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேலேயே நிற்க வேண்டும். சாதாரணத் தக்காளி நாற்றைக் கழுத்தளவு ஆழத்தில் நடும் வழக்கத்தை இங்கே பின்பற்றினால், மேல்தண்டு தானே வேர்விட்டு நோயை இழுத்துக்கொள்ளும். பட்ட பாடு வீணாகும்.

ஒட்டுக்குப் பொறுமை இல்லாதவர் மண்ணைத் தவிர்க்கலாம். செம்பனை நாற்றங்காலில் பயன்படும் 15க்கு 18 அங்குலக் கறுப்புப் பாலிபேக் ஒரு தக்காளிச் செடிக்குச் சரியான அளவு. அதில் தேங்காய் நார்த்தூளும் சுட்ட மண்ணும் மக்கிய உரமும் நிரப்பி, மண் புளிப்பாக இருந்தால் தோட்டங்களில் போடும் மெக்னீசியச் சுண்ணாம்புத் தூளை ஒரு கைப்பிடி சேர்த்து, செங்கல் மேல் தூக்கி வைத்தால், தரை மண் தெறிப்பதும் வேர் தரைக்குள் இறங்குவதும் தடைப்படும். மேலே ஒளி புகும் பிளாஸ்டிக் கூரை இருப்பது நலம். நம் மழை, இலைக்கருகலைக் கொண்டுவருவதோடு பழத்தையும் பிளக்கும்.

எந்த வகைகள்

முதல் இடத்தைச் செர்ரி, திராட்சைத் தக்காளிகளுக்கே தருவேன். அவற்றின் மகரந்தமும் வெப்பத்தில் பாதிக்கப்படத்தான் செய்கிறது. ஆனால் ஒரு கொத்துக்கு இருபது முப்பது பூக்கள் வரும்போது பாதி உதிர்ந்தாலும் கொத்து நிறையப் பழம் இருக்கும். பெரிய பழ வகையில் கொத்துக்கு நாலைந்து பூக்கள்தான்; அவை உதிர்ந்தால் ஒன்றுமில்லை. சிறிய பழம் சீக்கிரம் பழுக்கும். சர்க்கரை அடர்த்தியும் அதில் இயல்பாகவே கூடுதல். ஜப்பானின் தொக்கித்தா விதை நிறுவனத்தின் சன்கோல்ட் என்ற ஆரஞ்சு நிறச் செர்ரி வகை, இனிப்பும் புளிப்பும் வாசனையும் ஒருசேர அமைந்தது. உலகெங்கும் சுவைக்காகவே தேடப்படுவது. முன்பு சொன்ன நிறப் பிரச்சினையும் அதற்கு இல்லை. தோல் மெல்லியது என்பதால் மழை பெய்தால் வெடிக்கும். கூரையின் கீழ் வைக்காதவர் அதை நாட வேண்டாம். தைவானின் நோன்-யூ விதை நிறுவனம் உருவாக்கிய சாண்டா என்ற திராட்சைத் தக்காளி அந்த அளவுக்கு வெடிக்காது. வாசனையில் சன்கோல்டுக்கு ஒரு படி கீழே, ஆனால் நல்ல இனிப்பு, கடிக்க மொறுமொறுப்பு. சுவைக்கும் உழைப்புக்கும் கணக்குப் பார்த்தால், முதன்முதலாகப் போடுகிறவருக்குத் திராட்சைத் தக்காளியையே சொல்வேன்.

விரல் நகம் அளவே பழம் தரும் காட்டுத் தக்காளி இனமும் உண்டு. பெரு, எக்குவடோர் பகுதிகளில் தானாக வளரும் அந்த இனத்திலிருந்துதான் நாம் உண்ணும் தக்காளி வந்தது. பறிப்பதற்குப் பொறுமை வேண்டும். ஆனால் அதன் வாசனை அடர்த்தியை வேறெதிலும் காண முடியாது. நாலைந்து கைப்பிடி பறித்து, நசுக்கி ரசத்தில் போட்டால், புளியைப் பாதியாகக் குறைத்துவிடலாம்.

சமையலுக்கு நடுத்தரப் பழம் வேண்டும் என்பவர், தாழ்நிலத்துக்கென்றே உருவாக்கப்பட்ட வகைகளைத் தேட வேண்டும். மலேசிய வேளாண் ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகமான மார்டி தாழ்நிலத்துக்குத் தந்த எம்.டி.1 அவற்றில் ஒன்று. உலகக் காய்கறி மையத்தின் சி.எல்.5915 என்ற வெப்பம் தாங்கும் வரிசை, பல நாடுகளின் தாழ்நில வகைகளுக்குத் தாயாக இருந்திருக்கிறது. சைமன் குரூட் 1982இல் பிலிப்பைன்ஸில் தொடங்கிய ஈஸ்ட்-வெஸ்ட் சீட் நிறுவனத்தின் டியமாந்தே மாக்ஸ், இலைச்சுருள் வைரஸையும் வாடலையும் ஓரளவு தாங்கும் கலப்பினம். இவற்றை நட்டால் காய் கிடைக்கும். சுவை? நேர்மையாகச் சொன்னால், பச்சையாகக் கடித்துத் தின்னும்போது இவை நடுத்தரம்தான். ஆனால் செடியிலேயே பழுக்கவிட்டுப் பறித்தால், அதே ரக சந்தைப் பழத்தைவிடத் தெளிவாக மேலானவை. வதக்கிய தொக்கில் அந்த வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும்.

தமிழ்நாட்டு விதைகளின் மேல் நமக்கெல்லாம் ஓர் ஈர்ப்பு உண்டு. நான் தமிழ்நாட்டைவிடக் கேரளத்தைப் பார்க்கச் சொல்வேன். தேனி மாவட்டத்தின் வறண்ட வெயிலில் விளையும் பி.கே.எம்.1 சுவையில் அருமை. ஆனால் மழையும் ஈரமும் புளித்த மண்ணும் வாடல் நோயும் ஒன்றுசேர்ந்த நம் நிலைமை கேரளத்தின் நிலைமைக்குத்தான் நெருக்கம். அந்த மண்ணில் வாடலைத் தாங்குவதற்காகவே கேரள வேளாண் பல்கலைக்கழகம் சக்தி, முக்தி, அனகா என்ற வகைகளை வெளியிட்டது. இவை கலப்பினங்கள் அல்ல. விதையை நாமே எடுத்துவைக்கலாம். பெங்களூரின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்‌ஷக், இலைச்சுருள், வாடல், இலைக்கருகல் மூன்றையும் எதிர்க்கும் வலுவான கலப்பினம். அது நீண்ட தூரம் ஏற்றிச்செல்லத் தகுந்த உறுதியான பழம் என்பதால், சுவையை மட்டும் தேடுகிறவருக்கு என் முதல் சிபாரிசு அன்று. பூசா ரூபி என்ற பழைய இந்திய வகை புளிப்பும் சாறும் நிறைந்தது, ரசத்துக்கு ஏற்றது; வாடலுக்கு எளிதில் இரையாகும் என்பதால், பாலிபேக்கிலோ ஒட்டுச் செடியாகவோ மட்டும் வளர்க்கலாம்.

ஊருக்குப் போகும் உறவினரிடம் விதை வாங்கிவரச் சொல்லுமுன் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் தாவர நோய்த்தடுப்புச் சட்டத்தின்படி, வெளிநாட்டு விதையைக் கொண்டுவர இறக்குமதி அனுமதி வேண்டும். தக்காளி வைரஸ்கள் சில விதை வழியாகவே பரவுபவை. அந்தக் கட்டுப்பாடு நம் கேமரன் விவசாயிகளையும் காப்பது.

அதே வகையில் சுவையைக் கூட்டுவது

வகையைத் தேர்ந்த பிறகும், அதன் சுவை வெளிப்படுவது நம் கையில் இருக்கிறது. பேராக்கின் இந்தப் பகுதியில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை உச்சத்தில் இருக்கும். நவம்பர் நடுவில் விதைத்தால், ஆண்டின் சற்றே குளிர்ந்த இரவுகளைக் கொண்ட ஜனவரித் தொடக்கத்தில் செடி பூக்கும். மழை குறைந்த பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பழம் முதிரும். இந்த ஒரு காலத்தேர்வு, விலை உயர்ந்த விதையைவிட அதிகப் பலன் தரக்கூடும்.

காய்கள் முழு அளவுக்கு வந்த பிறகு தண்ணீரைச் சிறிது குறைத்தால் சர்க்கரை அடர்த்தியாகும். ஆனால் வாடவிட்டுப் பிறகு வாளியோடு ஊற்றினால் பழம் வெடிக்கும். பிஞ்சுப் பருவத்திலேயே தண்ணீர் ஏறுமாறாக இருந்தால் சுண்ணாம்புச் சத்து காய்க்கு எட்டாமல் அடிப்பகுதி கறுத்து அழுகும். பூத்த பிறகு தழைச்சத்தைக் குறைத்துச் சாம்பல் சத்தைக் கூட்டுவது நல்லது.

பறித்த பழத்தைக் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. 2016இல் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழுத்த தக்காளியை 5 டிகிரியில் ஒரு வாரம் வைத்துப் பார்த்தார்கள். சர்க்கரையும் அமிலமும் பெரிதாக மாறவில்லை. வாசனையை உருவாக்கும் மரபணுக்கள் ஒடுங்கிப்போயின, வெளியே எடுத்துவைத்த பிறகும் அவை முழுதாக மீளவில்லை. வீட்டுத் தக்காளியின் சிறப்பே அந்த வாசனைதான் என்பதால், அன்றன்று வேண்டியதை அன்றன்று பறித்து, மிஞ்சியதைக் காம்புப்புறம் கீழே இருக்கும்படி சமையலறை மேசையில் வைப்பதே போதும்.

கலப்பினம் அல்லாத வகையைப் போட்டிருந்தால், விதைக்குரிய பழத்தை முதல் கொத்திலேயே குறித்துவைக்க வேண்டும். மிகப் பெரிய பழத்திலிருந்து விதை எடுப்பது பலரின் வழக்கம். அதை விட்டுவிட்டு, பக்கத்துச் செடிகள் சாய்ந்த இடத்தில் சாயாமல் நின்று, சூடான வாரத்திலும் காய் பிடித்து, நாக்குக்கும் பிடித்த செடியைத் தேர வேண்டும். அதன் பழுத்த பழத்தின் கூழை ஒரு கிண்ணத்தில் இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, மேலே மிதக்கும் சக்கையைக் கழுவித் தள்ளி, அடியில் தங்கும் விதையை நிழலில் காயவைத்து, காற்றுப் புகாத புட்டியில் அடைத்து, அதை மட்டும் குளிர்பெட்டியில் வைக்கலாம். நம் ஈரக் காற்றில் வெளியே கிடக்கும் விதை சில மாதங்களிலேயே முளைப்புத்திறனை இழக்கத் தொடங்கும். குளிரில் உலர்ந்திருக்கும் விதை ஆண்டுக்கணக்கில் தாங்கும்.